துருவேறிய உளிக்கும் அரிவாளுக்கும் எந்த வழி?

காவிரிப் படுகையின் பழைய வீடுகளில் பரணையோ மாட்டுக் கொட்டகையின் மூலையையோ ஒழிக்கும்போது, செங்காவி நிறத்தில் துருவேறிய ஓர் உளியோ, மரம் செதுக்கும் வாய்ச்சியோ, மரத்தை இழைக்கும் இழைப்புளியின் அலகோ, பல் வைத்த கருக்கரிவாளோ கைக்குக் கிடைப்பது வழக்கம். அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதா, மீட்டெடுப்பதா என்ற முதல் கேள்விக்கு விடை எளிது: உலையில் காய்ச்சிக் கையால் அடித்த கருவியின் எஃகு நன்றாக இருக்குமானால் மீட்பதே சரி. எந்த வழியில் மீட்பது என்ற அடுத்த கேள்விதான் யோசிக்க வைக்கிறது. தேய்ப்பது, புளிப்புக் கரைசலில் ஊற வைப்பது, வெல்ல நீரில் போட்டு வைப்பது, மின்சாரம் பாய்ச்சித் துருவைக் கழற்றுவது, கொல்லர் உலைக்குக் கொண்டு போவது ஆகிய ஐந்தும் இங்கே கைக்கு எட்டுகிற வழிகள்.

துரு எவ்வளவு தடிமனாக ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்தே பலரும் வழியைத் தேர்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது கருவியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை. அங்கே எவ்வளவு எஃகு மிஞ்சியிருக்கிறது, காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினமாகிய அதன் தோய்ச்சல் நிலைத்திருக்கிறதா, குழி விழுந்திருந்தால் எந்த முகத்தில் விழுந்திருக்கிறது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், ஐந்து வழிகளில் குறைந்தது மூன்று தாமாகவே விலகிவிடும்.

துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து உண்டாகும் ஆக்சைடு. தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியிலுள்ள இரும்பையும் தொடர்ந்து அரிக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் அரிப்பு வேகமெடுக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் படுகையின் காற்று அந்த அளவுக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அதோடு உப்பும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். உப்பிலுள்ள குளோரைடு இரும்பை மேலோட்டமாக அரிப்பதோடு நில்லாமல் குழி பறிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் கடற்காற்றும் உப்பளக் காற்றும் இந்த வேலையை ஆண்டு முழுவதும் செய்கின்றன. 2018 நவம்பர் 16 அன்று அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது நனைந்து, தென்னை சாய்ந்த கவலையில் யாரும் துடைக்காமல் விட்ட கருவிகளில் அப்படிப்பட்ட குழிகள் விழுந்திருக்கும். கடலிலிருந்து தள்ளியுள்ள மன்னார்குடி, பாபநாசம் பக்கத்து வீடுகளில் வேறொரு குளோரைடு இருக்கிறது. பொட்டாஷ் உரம் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடுதான். அந்த மூட்டை இருக்கும் அறையிலேயே அரிவாளையும் மண்வெட்டியையும் சாய்த்து வைக்கும் பழக்கம் கருவிகளுக்குப் பெருங்கேடு.

எல்லா ஆக்சைடும் கேடு செய்வதில்லை. பழைய இரும்பின் மேல் இறுக்கமாகப் படிந்திருக்கும் கறுப்புப் படலம் ஓரளவுக்குக் காப்பாகவும் இருக்கிறது. விரலில் ஒட்டும் சிவப்புத் துருவைப் போக்க வேண்டும். விரலில் ஒட்டாத கறுப்பை விட்டுவைக்க வேண்டும். கருவியைப் புதுக் கருவி போலப் பளபளக்கச் செய்ய முனைகிறவர்கள் இந்தக் கறுப்பையும் சேர்த்து உரித்து, அடுத்த மழைக்கு இரும்பை அம்மணமாக்கி விடுகிறார்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கருவியை முதலில் ஆராய வேண்டும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அழுக்கையும் பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துவிட்டு, வெயிலில் பிடித்து வாயைப் பாருங்கள். பழைய உளிகளிலும் வாய்ச்சிகளிலும் பல, முழுவதும் எஃகால் ஆனவை அல்ல. மென்மையான பச்சிரும்பு உடலில் வாய்ப்பகுதிக்கு மட்டும் ஓர் எஃகுத் துண்டை வைத்து உலையில் இணைத்து அடித்தவை. தலைமுறைக் கணக்கில் சாணை பிடித்த கருவியில் அந்த எஃகு முழுவதும் தேய்ந்து பச்சிரும்பு மட்டுமே எஞ்சியிருக்கலாம். ஒரு கூரிய அரத்தை வாயருகே மெல்ல இழுத்தால் இது தெரிந்துவிடும். தோய்ச்சல் நிலைத்த எஃகின் மேல் அரம் வழுக்கும், அல்லது மிக லேசாகவே கடிக்கும். பச்சிரும்பிலும் தோய்ச்சல் இழந்த எஃகிலும் நன்றாகக் கடித்துத் தூள் எடுக்கும். தூள் எடுத்தால், துருவை நீங்கள் எவ்வளவு பொறுமையாகப் போக்கினாலும் கருவி வேலைக்கு ஆகாது. உலைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது குழிகள். உளியின் வாயும் இழைப்புளி அலகின் வாயும் இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. ஒன்று சாய்வு முகம், மற்றொன்று தட்டை முகம். சாய்வு முகத்திலுள்ள குழிகள் சாணை பிடிக்கும்போது போய்விடும். தட்டை முகத்தில் வாயை ஒட்டி விழுந்த குழிகள் அப்படிப் போவதில்லை. தீட்டத் தீட்ட வாய் பின்வாங்கி ஒவ்வொரு குழியையும் சந்திக்கும், அப்போதெல்லாம் இழைத்த மரத்தில் ஒரு கீறல் கோடு விழும். எந்தக் கரைசலும் குழியை நிரப்பப் போவதில்லை. குழியைத் தாண்டும் வரை வாயைத் தேய்த்துப் பின்னுக்குக் கொண்டு போகலாம், அல்லது தட்டை முகத்தையே குழியின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்கலாம். இரண்டுக்கும் எஃகு மிச்சம் இருக்க வேண்டும்.

இனி வழிகள். மேல்தோலாக மட்டும் படிந்த துருவுக்குக் கையால் தேய்ப்பதைவிட நல்ல வழி கிடையாது. மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஓர் இரவு ஊற வைத்தால், துரு கரையாவிட்டாலும் இளகிக்கொடுக்கும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, பிறகு ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டு வாங்கிய தாளில் 220-ஆம் எண்ணில் தொடங்கி 400, 600 என்று போகலாம். தாளுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டை இருக்க வேண்டும். வெறும் விரலால் அழுத்தினால் தட்டை முகத்தின் ஓரங்கள் உருண்டு போகும். தஞ்சாவூரில் பலா மரத்திலிருந்து வீணைக் குடத்தைக் குடைகிறவர்களின் வளைந்த உளி போன்றவற்றுக்கு, உட்குழிவுக்குப் பொருந்தும் உருட்டுக் கம்பில் தாளைச் சுற்றிக்கொண்டு தேய்க்க வேண்டும். இந்த வழியில் எந்த நொடியிலும் நிறுத்திக்கொள்ளலாம். எவ்வளவு இரும்பு போகிறது என்பது கைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஆனால் தாள் துருவையும் நல்ல இரும்பையும் பிரித்தறியாது. செய்தவரின் முத்திரை பொறித்த இடத்திலும், கருக்கரிவாளின் பற்களின் மேலும் தாள் படக்கூடாது. பல் மழுங்கிய கருக்கரிவாள் கதிரை அறுக்காது.

ஆங்கிள் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி அரை நிமிடத்தில் முடித்துவிடும் வழியை நான் பரிந்துரைப்பதில்லை. மண்வெட்டி, கடப்பாரை போன்றவற்றுக்கு அது போதும். வாய் உள்ள கருவிக்கு ஆகாது. சூடேறும் எஃகு சுமார் 220 பாகை செல்சியஸில் வைக்கோல் நிறம் கொள்ளும், 300-ஐ நெருங்கும்போது நீலமாகும். வாயில் நீலம் படர்ந்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் இறங்கிவிட்டது என்று பொருள். பிரஷ்ஷிலிருந்து தெறிக்கும் கம்பித் துணுக்குகள் கண்ணைப் பறிக்கக் கூடியவை என்பதால், எதற்குப் பயன்படுத்தினாலும் கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது.

துரு தடித்து, தாள் எட்டாத குழிகளுக்குள்ளும் இறங்கியிருந்தால், புளிப்புக் கரைசலே என் முதல் தேர்வு. புளிப்புகளிலும் எது என்பதில் கவனம் வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய நமக்கு இரும்புக்கும் புளிதான் உடனே நினைவுக்கு வரும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கத்தான் செய்யும். ஆனால் நம் வீடுகளில் ஆண்டுக்கான புளி கல்லுப்புப் போட்டுப் பானையில் அடைத்தது. அந்த உப்பு துருவின் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், துரு போன இடத்திலேயே சில நாளில் மறுபடி துரு கிளம்பும். வினிகர் நல்லதுதான், ஆனால் கடையில் கிடைப்பதில் அசிட்டிக் அமிலம் 4, 5 சதவீதம் அளவிலேயே இருப்பதால் வேலை மெதுவாக நடக்கும். பெரிய கருவியை மூழ்கடிக்கும் அளவுக்கு வாங்கினால் செலவும் ஏறும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரிலும் கிடைக்கும் சிட்ரிக் அமிலத் தூள் இரண்டையும்விட மேலானது. பெயரில்தான் உப்பு இருக்கிறது, பொருளில் குளோரைடு இல்லை.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம் தூள் போதும். பிளாஸ்டிக் தொட்டியாகவோ கண்ணாடிப் பாத்திரமாகவோ இருக்கட்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது. கருவி முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். பாதி மூழ்கிய கருவியில் நீர் மட்டத்தை ஒட்டி ஒரு கோடாக அரிப்பு விழும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, நார் கொண்டு தேய்த்துப் பார்த்துவிட்டு மீண்டும் போடலாம். சாதாரணத் துரு சில மணி நேரத்தில் போய்விடும், மோசமான துரு ஓர் இரவு கேட்கும். அதற்கு மேல் விட்டால் அமிலம் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். கடலோர ஊர்களில் கிணற்று நீரும் அடிபம்பு நீரும் உவர்ப்பாக இருப்பதால், கரைசலுக்கும் கடைசிக் கழுவலுக்கும் மழை நீரையோ கேன் தண்ணீரையோ பயன்படுத்துவதே நல்லது. எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி மிச்சப் புளிப்பை முறிக்க வேண்டும்.

இந்த வழியின்பால் எனக்கு இருக்கும் பற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மெல்லிய அமிலத்தில் ஊறிய பழைய உளியை எடுத்துத் துடைத்துப் பார்த்தால், எஃகுப் பகுதி அடர்ந்த சாம்பல் நிறமாகவும் பச்சிரும்பு வெளிர் நிறமாகவும் பிரிந்து, இரண்டும் இணைந்த கோடு தெளிவாகத் தெரியும். வாயிலிருந்து அந்தக் கோடு வரை எத்தனை விரற்கடை இருக்கிறதோ, அவ்வளவு ஆயுள் கருவிக்கு மிச்சம் இருக்கிறது. உளியை அடித்த கொல்லரின் கைவேலை அந்தக் கோட்டில்தான் வெளிப்படுகிறது. வேறெந்த வழியும் இதை இவ்வளவு எளிதாகக் காட்டுவதில்லை.

கழிவறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சில நிமிடங்களில் துருவைப் போக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் குளோரைடு குழிகளில் தங்கிவிடும், நுரையீரலை எரிக்கும் அதன் ஆவி அறையிலுள்ள மற்ற இரும்புச் சாமான்கள் எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும்.

வெல்ல நீர் இதற்கு நேர் எதிர். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு கிடைத்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து, ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை கருவியை அதில் விட்டுவைக்கலாம். பாகு கிடைக்காதவர்கள் வெல்லத்தைக் கரைத்துப் புளிக்க விட்டும் செய்யலாம், இன்னும் சற்று மெதுவாக நடக்கும். இது நமக்குப் புதியதல்ல. துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் பல நாள் புளிக்க வைத்து எடுப்பதுதான் கலங்காரியின் கறுப்புச் சாயம்; கடுக்காய் ஊட்டிய துணியில் பட்டதும் அது கறுக்கிறது. நல்ல இரும்பை ஏறக்குறைய தொடாமலேயே துருவை மட்டும் இழுத்துக்கொள்வது இந்த வழியின் சிறப்பு. துர்நாற்றம், ஈ, எறும்பு, வாரக்கணக்கான காத்திருப்பு ஆகியவை இதன் விலை. கொல்லைப்புறம் உள்ள வீட்டில், அவசரமில்லாத, மெல்லிய, முத்திரை அழியக் கூடாத கருவிக்கு இது மிகப் பொருத்தம்.

மின்சார முறை ஒரே நேரத்தில் பல கருவிகளை மீட்க வேண்டியவர்களுக்கு ஏற்றது. பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி என்ற கணக்கில் சலவை சோடாவைக் கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைக் கருவியோடும், நேர்முனையை ஏதேனும் பழைய இரும்புத் தகட்டோடும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். எதிர்முனையில் இருப்பதால் நல்ல இரும்பு கரைவதில்லை. துரு மட்டும் இளகிக் கறுப்புச் சேறாகக் கழன்று வரும். ஒரு நாள் மறந்து விட்டுவிட்டாலும் இரும்பு கரைந்துபோகாது என்பதில் புளிப்புக் கரைசலைவிட இது மேல். ஆனால் முனைகள் மாறிவிட்டால் கரைவது உங்கள் உளிதான். நேர்முனையில் எவர்சில்வரைப் போடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக நீரில் கலக்கும். மின்சாரம் நன்றாகப் பாய வேண்டுமென்று சமையலுப்பைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். கருவியிலிருந்து எழும் குமிழிகள் தீப்பற்றும் ஹைட்ரஜன் என்பதால் திறந்தவெளியிலேயே செய்ய வேண்டும். சார்ஜரை அணைத்த பிறகே நீரில் கை வைக்க வேண்டும். இப்போது விற்கும் தானியங்கி சார்ஜர்கள் பல, பேட்டரி இணைந்திருப்பதை உணராமல் மின்சாரம் தருவதில்லை. பழைய வகைச் சார்ஜர் இருந்தால்தான் இந்த வழி எளிது. ஓர் உளிக்காக இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. வெள்ளத்தில் மூழ்கிய ஓர் ஆசாரியின் பெட்டி முழுவதையும் மீட்க வேண்டுமானால் வேறு எதுவும் இதற்கு ஈடாகாது.

கொல்லர் பட்டறையை மற்ற நான்கோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. அது துருவைப் போக்கும் வழி என்பதைவிடக் கருவியை மறுபடி பிறப்பிக்கும் வழி. உலையில் காய்ச்சி அடிக்கும்போது துரு செதிலாக உதிரும், வாய் நீளும், தேய்ந்த எஃகுக்குப் பதில் புது எஃகு ஏறும், தோய்ச்சல் திரும்பும். கருக்கரிவாளுக்குக் கருக்கு வெட்டுவதை வீட்டில் செய்ய முடியாது. அதே நேரம், ஒவ்வொரு காய்ச்சலிலும் எஃகின் மேற்பரப்பிலுள்ள கரிமம் கொஞ்சம் எரிந்து போகும், முத்திரையும் பழைய உருவமும் சம்மட்டியின் கீழ் அழியும். தோய்ச்சல் நன்றாக இருக்கும் கருவியை வெறும் துருவுக்காக உலையில் இடுவது அதற்குச் செய்யும் அநீதி. தோய்ச்சல் போன கருவியை உலைக்குக் கொண்டு போகாமல் வீட்டிலேயே பளபளப்பாக்கி வைப்பதும் அப்படித்தான். அறுவடைக் களத்தில் நெல்லாகக் கூலி வாங்கிய கொல்லர்கள் இருந்த ஊர்களில், அறுவடை இயந்திரம் வந்த பிறகு உலைகள் பல அணைந்துவிட்டன. எரியும் உலை ஒன்று உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்தால், குறுவை அறுவடைக்கு முந்தைய வேலை நெருக்கத்தைத் தவிர்த்து, ஓய்வான நாளில் போய் அவரிடம் கருவியைக் காட்டி யோசனை கேளுங்கள். அரம் சொல்வதைவிட அவர் கண் கூடுதலாகச் சொல்லும்.

ஆகவே, அரம் வழுக்குகிற, துரு மேலோட்டமாக உள்ள உளிக்குத் தேய்ப்பது. குழி விழுந்த இழைப்புளி அலகுக்கும் வாய்ச்சிக்கும் சிட்ரிக் அமிலம். ரம்பத்தின் மெல்லிய தகட்டைக் கட்டை வைத்துத் தேய்ப்பதே நல்லது. விறைப்பான மெல்லிய எஃகு அமிலத்திலோ மின்சார முறையிலோ நெடுநேரம் கிடந்தால் ஹைட்ரஜன் உட்புகுந்து நொறுங்கும் தன்மை பெறலாம். கருக்கரிவாளுக்கு முதலில் ஊறல், பிறகு கொல்லர். சமையலறைக்குத் திரும்பப் போகும் அரிவாள்மணைக்கு டீசலும் மண்ணெண்ணெயும் வேண்டாம், சிட்ரிக் அமிலமே போதும். மண்வெட்டிக்கு எதுவும் வேண்டாம் என்பேன். கம்பி பிரஷ்ஷால் ஒருமுறை தேய்த்துவிட்டு வயலுக்குக் கொண்டு போனால் மண்ணே அதைத் தீட்டிக்கொள்ளும்.

எந்த வழியானாலும் மரப்பிடியைக் கழற்றாமல் கருவியை நீரில் போடக்கூடாது. அரக்கு வைத்துப் பொருத்திய பிடியாக இருந்தால், இரும்பில் பிடியை ஒட்டிய இடத்தில் லேசாகச் சூடு காட்டினால் இளகிவரும்; சூடு வாய் வரைக்கும் போகாதபடி ஈரத் துணியை வாயில் சுற்றிக்கொள்ள வேண்டும்.

துரு நீங்கிய இரும்பு படுகையின் காற்றில் கண்ணெதிரே மஞ்சள் பூக்கும். கழுவியவுடன் கொதிநீரில் முக்கி எடுத்தால் இரும்பு தன் சூட்டிலேயே உலர்ந்துவிடும். உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும். குழிகளின் அடியில் சிறிது துரு மிஞ்சியிருந்தால், இடித்த கடுக்காயைக் கொதிக்க வைத்த நீரை எண்ணெய் பூசுவதற்கு முன் உடல்பகுதியில் மட்டும் தடவி உலர விடலாம். அதிலுள்ள டானின் மிச்சத் துருவோடு சேர்ந்து கறுப்புப் படலமாகும். மர வேலைக் கருவிக்குத் தையல் இயந்திர எண்ணெய் நல்லது. நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியை ஈர்க்கும். அரிவாள்மணைக்குத் தேங்காய் எண்ணெய் போதும், ஆனால் அடிக்கடி துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். உளியை உர மூட்டையும் மாட்டுக் கொட்டகையும் இல்லாத பக்கத்தில், தரையிலிருந்து உயர்த்தி, சுவரைத் தொடாமல் மரச் சட்டத்தில் செருகி வையுங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்து, தை பிறக்கும் வரை மாதம் ஒருமுறை அதைத் தொடர்ந்தால், அடுத்த ஆண்டு இந்த ஐந்து வழிகளில் எதுவும் அந்த உளிக்குத் தேவைப்படாது.